கண்ணுக்குத் தெரிந்தால் போதுமா?

இலக்கிய இதழ்களை இணையத்துக்குக் கொண்டுவரும் நண்பர்களிடம் பக்கங்களின் கட்டமைப்பைப் பற்றிப் பேசினால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது: ‘வாசகர் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறதே, பிறகென்ன?’ எழுத்துரு அழகாக இருக்கிறது, ஓவியம் இடம் பார்த்து அமர்ந்திருக்கிறது, தலைப்பு சிவப்பில் மின்னுகிறது. இதற்கு மேல் கேட்பவன் தொழில்நுட்பக் கிறுக்கன் என்பது அந்தப் பதிலின் உட்பொருள்.

அந்தப் பதிலை மறுப்பதற்காகவே இக்கட்டுரை. எழுத்து எழுத்தாகவும், தலைப்பு தலைப்பாகவும், பாட்டு பாட்டாகவும், உரை உரையாகவும் பக்கத்துக்குள்ளேயே பதிவாகியிருக்க வேண்டும். அவ்வாறு பதிவாகாத பக்கம் பதிப்பு ஆகாது. பதிப்பைப் பிடித்த ஒரு நிழற்படம் மட்டுமே. இது நிரலாளர்களின் சிக்கல் என்று ஒதுக்கிவிடக் கூடியதும் அன்று. தமிழ் படித்தவர்கள் முதலில் கவலைப்பட வேண்டிய பதிப்பியல் சிக்கல் இது.

சொல்லவருவது எளிமையானது. இணையப் பக்கத்தை எழுதும் எச்.டி.எம்.எல். மொழியில் ஒரு வரியைத் தலைப்பு என்று அறிவிக்கக் குறிச்சொல் உண்டு. பத்தி, பட்டியல், மேற்கோள், கட்டுரை ஆகியவற்றுக்கும் உண்டு. அதே வரியைத் தலைப்பு என்று அறிவிக்காமல், எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கி விட்டுவிடவும் முடியும். பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் முதலாவதில் ‘இது தலைப்பு’ என்ற செய்தி பக்கத்தில் இருக்கிறது. இரண்டாவதில் ‘இது பெரிய எழுத்து’ என்ற செய்திதான் இருக்கிறது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி என்னும் கூட்டமைப்பு 1994இல் தொடங்கியது. தோற்றத்தைத் தனியே எழுதிவைக்க சி.எஸ்.எஸ். என்ற முறையை அது 1996இல் தந்தது. 1997 டிசம்பரில் வந்த எச்.டி.எம்.எல். 4, எழுத்தின் நிறத்தையும் அளவையும் பக்கத்துக்குள்ளேயே எழுதும் குறிச்சொல்லைக் கைவிடச் சொன்னது. பொருள் ஓரிடம், ஒப்பனை வேறிடம் என்பதே அதன் சாரம். கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் நம் தளங்கள் பலவற்றுக்கு இந்தச் செய்தி எட்டவில்லை.

*

தோற்றத்தை நம்பிப் பொருளை இழந்த அனுபவம் தமிழுக்குப் புதிதன்று. 1990களில் தமிழைக் கணினித் திரையில் காண்பதே பெரும்பாடாக இருந்தது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் உருவாக்கி இலவசமாக வழங்கிய எழுத்துருவுக்கு ‘மயிலை’ என்று பெயர். மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் வந்தது. ஈழத்தமிழரிடையே பாமினி பரவியது. நாளிதழ்களும் வார இதழ்களும் ஆளுக்கோர் எழுத்துருவைக் கொண்டுவந்தன. ஒரு தளத்தைப் படிக்க ஓர் எழுத்துருவைத் தரவிறக்க வேண்டும்; அடுத்த தளத்துக்கு இன்னொன்று. அந்தக் காலத்தின் உழைப்பைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. அவர்கள் இல்லாவிட்டால் இணையத்தில் தமிழ் இல்லை.

ஆனால் அந்தப் பக்கங்களுக்குள் இருந்தது என்ன? பாமினியில் ‘அம்மா’ என்று எழுதினால் கணினியில் சேமிக்கப்படுவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கில விசைகள். அந்த எழுத்துருவை அணிவித்தால் ‘அம்மா’; கழற்றிவிட்டால் பொருளற்ற ஆங்கில எழுத்துக்கோவை. திரையில் தமிழ் தெரிந்தது, கோப்பில் தமிழ் இல்லை. தேடினால் கிடைக்காது, அகரவரிசைப்படுத்தினால் ஒழுங்கில் நிற்காது, அடுத்த கணினிக்கு அனுப்பினால் படிக்க முடியாது. திஸ்கி ஒரு பொதுக் குறியேற்றத்தை முன்வைத்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு டாம், டாப் என்னும் இரண்டைப் பரிந்துரைத்தது. ஒருங்குறியில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றிருந்தும், அது பரவலாகப் புழங்க விண்டோஸ் 2000, எக்ஸ்பி காலம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தமிழக அரசு ஒருங்குறியையும் டேஸ்16 குறியேற்றத்தையும் தரமாக ஏற்று ஆணையிட்டது கோவைச் செம்மொழி மாநாடு நடந்த 2010 ஜூனில்.

இந்த இடைவெளியில் எவ்வளவு எழுத்து அழிந்தது என்பதற்குக் கணக்கில்லை. தனியாட்கள் இலவசமாகப் பக்கங்கள் அமைத்துக்கொள்ள இடம் தந்த ஜியோசிட்டீஸை யாகூ நிறுவனம் 2009 அக்டோபரில் மூடியபோது அங்கிருந்த தமிழ்ப் பக்கங்களும் சேர்ந்து போயின. யாரோ நகலெடுத்து வைத்தவற்றிலும், எந்த எழுத்துருவில் எழுதப்பட்டது என்று தெரியாவிட்டால் எஞ்சியிருப்பது புதிர்தான்.

மாறாக, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். அதன் நூல்கள் மயிலையிலிருந்து திஸ்கிக்கும், திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கும் இடம்பெயர்ந்தன. ஒவ்வொரு குடிபெயர்வையும் தாங்க முடிந்ததற்குக் காரணம், அங்கே தட்டச்சிட்ட எழுத்து இருந்தது. எந்தக் குறி எந்த எழுத்து என்ற ஒழுங்கு இருந்தது. சுரதாவின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் பல பழைய பக்கங்களைக் காப்பாற்றியதும் அதே ஒழுங்கின் பலத்தில்தான். பக்கத்தைப் படமாக ஏற்றியவர்களுக்கு அந்த வழி இல்லை.

*

ஒருங்குறி வந்துவிட்டது, சிக்கல் முடிந்தது என்று பலரும் எண்ணுகிறார்கள். எழுத்தளவில் நாம் விட்ட பிழையை இப்போது கட்டமைப்பளவில் விடுகிறோம் என்பதே என் வாதம். அன்று ‘அ’ போலத் தெரிந்தது ‘அ’ அன்று. இன்று தலைப்புப் போலத் தெரிவது தலைப்பு அன்று.

சங்கப் பாடல் ஒன்றை உரையோடு வெளியிடும் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். புறநானூற்றின் 271, 272ஆம் பாடல்கள் நொச்சித் திணையைச் சேர்ந்தவை. பாட்டு நீல நிறத்தில் இருக்கும், உரை கறுப்பில், திணையும் துறையும் பாடியவர் பெயரும் சாய்வெழுத்தில். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அதை நகலெடுத்து ஒரு மாணவருக்குச் செல்பேசியில் அனுப்புங்கள். நிறம் போய்விடும், சாய்வு போய்விடும். பாட்டு எங்கே முடிந்தது, உரை எங்கே தொடங்கியது என்பது அவர் ஊகத்துக்கு விடப்படும்.

இந்த நிலையைத் தமிழ் முன்பே அறியும். ஏட்டுச்சுவடியில் புள்ளி கிடையாது; எகர ஏகார வேறுபாடு கிடையாது; ரகரத்துக்கும் காலுக்கும் ஒரே வடிவம். மூலமும் உரையும் இடைவெளியின்றித் தொடர்ந்து ஓடும். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது செய்த வேலையில் பெரும்பங்கு இந்த எல்லைகளைக் கண்டுபிடிப்பதுதான். இது பாட்டு, இது நச்சினார்க்கினியர் உரை, இது மேற்கோள், இது பாடவேறுபாடு என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய இடத்தைக் கொடுத்தார். திணை, துறை, பாடியவர், பாடப்பட்டோர் என்று பாட்டின் கீழே நிற்கும் குறிப்புகள் வேறென்ன? பாட்டைப் பற்றிய செய்தியைப் பாட்டோடு கலக்காமல், பாட்டிலிருந்து பிரியவும் விடாமல் வைக்கும் ஏற்பாடு அது. பதவுரை, பொழிப்புரை, விசேடவுரை என்று உரைக்குள்ளேயே வகை கண்ட மரபுக்கு ‘பொருளுணர்த்தும் குறியீடு’ என்பது மேலைநாட்டு இறக்குமதியாகத் தோன்றினால், நாம் நம் மரபை மறந்துவிட்டோம் என்றுதான் பொருள். பெசன்ட் நகரில் அவர் பெயரால் இயங்கும் நூல்நிலையத்தின் வழியாகப் போய்வருகிற நாமே, அவர் பிரித்துவைத்ததை மீண்டும் குழப்பிச் சுவடி நிலைக்குக் கொண்டுபோகிறோம்.

யாப்பும் இதில் அடிபடுகிறது. நேரிசை ஆசிரியப்பாவின் ஈற்றயலடி முச்சீராக வரவேண்டும் என்பது இலக்கணம். செல்பேசியின் குறுகிய திரையில் நாற்சீரடி மடங்கி இரண்டு வரியாகிறது. எது அடி, எது திரையின் அகலத்தால் நேர்ந்த மடிப்பு என்று மாணவருக்குத் தெரிவதில்லை. ஒவ்வோர் அடியும் ஓர் அடி என்று பக்கத்தில் குறிக்கப்பட்டிருந்தால், மடங்கிய பகுதியைச் சற்று உள்ளே தள்ளிக் காட்டும்படி சி.எஸ்.எஸ்.ஸில் ஒரே ஒரு விதி எழுதினால் போதும். இடைவெளிகளைத் தட்டித் தட்டிச் சீரமைத்த பக்கத்தில் அது முடியாது. நூல்களைக் கணினிக்கு மாற்றுவதற்கென அறிஞர்கள் 1987இல் தொடங்கிய டி.இ.ஐ. முயற்சி, செய்யுளின் அடிக்கும் அடித்தொகுதிக்கும் தனித்தனிக் குறிச்சொல் வகுத்திருக்கிறது. அதைச் செய்தவர்கள் பொறியாளர்கள் மட்டுமல்லர். இலக்கியம் படித்தவர்களும் அதில் இருந்தார்கள்.

*

இலக்கியத்தோடு இது நின்றுவிடுவதில்லை. நொச்சி என்ற சொல்லையே தொடர்ந்து போவோம். நொச்சி ஒரு செடி. சளி பிடித்தால் ஆவி பிடிக்கும் இலை. புறப்பொருள் வெண்பாமாலையில் மதில் காத்தலைச் சொல்லும் திணை. மெரினாவின் தெற்கே, கலங்கரை விளக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையில், அது ஒரு மீனவக் குப்பத்தின் பெயர். செடி, திணை, ஊர் என்ற வேறுபாட்டை மனிதர் சூழலைக் கொண்டு உணர்வார். பொறிக்கு யாராவது சொல்லிவைக்க வேண்டும். அதற்கும் முன்னதாக, அந்தச் சொல் அங்கே எழுத்தாக இருக்க வேண்டும்.

2023 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணையைத் தொடர்ந்து லூப் சாலையோர மீன்கடைகள் அகற்றப்பட்டபோது நொச்சிக்குப்பத்து மக்கள் தெருவுக்கு வந்தார்கள். 2024 ஆகஸ்டில் அங்கே புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது. இதன் நியாய அநியாயங்கள் வேறு கட்டுரைக்குரியவை. நான் கேட்பது ஒன்றுதான்: தம் கரையைப் பற்றி எழுதப்பட்ட ஆவணங்களைப் படிக்க விரும்பும் அந்தக் குப்பத்து இளைஞர் ஒருவர், தம் ஊர்ப்பெயரைத் தமிழில் தட்டச்சிட்டுத் தேடினால் என்ன கிடைக்கும்? செய்தித்தாள்கள் எழுதியவை கிடைக்கும். அரசாணை கிடைப்பது அதிர்ஷ்டம். நம் அரசு ஆவணங்களில் ஏராளமானவை, கையொப்பமிட்ட தாளை வருடி எடுத்த படங்களாக ஏற்றப்பட்டவை. அந்தப் படத்துக்குள் ‘நொச்சிக்குப்பம்’ என்று பத்து முறை எழுதியிருந்தாலும் தேடுபொறிக்கு அது வெள்ளைத்தாளில் கறுப்புப் புள்ளிகள். ஆங்கிலத்தில் தேடலாம் என்றால், அந்தப் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவோர் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். ஒரு வடிவத்தைத் தேடினால் மற்றது அகப்படாது. 2019 ஜனவரியில் வந்த கடற்கரை ஒழுங்காற்று மண்டல அறிவிக்கையின் கீழ் வரையப்படும் வரைபடங்கள், தாள் எண்ணிட்ட பி.டி.எப். கோப்புகளாக வருகின்றன. எந்தத் தாளில் தன் ஊர் என்று தெரிந்தவனுக்குத்தான் அவை பயன்படும்.

மீனவக் குப்பம் ஒன்று தன் வழக்குரிமையை நிலைநாட்ட வேண்டிய நேரத்தில், தன் பெயர் எங்கெங்கே பதிவாகியிருக்கிறது என்று காட்டுவதே முதல் ஆயுதம். ஆவணம் இருந்தும் அகப்படவில்லையென்றால், அது அலமாரியில் பூட்டப்பட்டதற்கும் இணையத்தில் ஏற்றப்பட்டதற்கும் நடைமுறையில் வேறுபாடில்லை. ‘வெளியிட்டுவிட்டோம்’ என்ற பெயர் அதிகாரிக்கு. தேடித் தேடிச் சலிப்பது குடிமகனுக்கு.

*

கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்பவர்கள், கண்ணால் படிக்காத வாசகர்களை எண்ணிப் பார்ப்பதில்லை. தமிழ் முதுகலை வகுப்புகளில் பார்வையற்ற மாணவர்கள் படிக்கிறார்கள். என் வகுப்புகளிலும் படித்திருக்கிறார்கள். எழுதியதை உரக்கப் படித்துக்காட்டும் திரைபடிப்பான் அவர்களுக்குக் கண். 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பட்ட என்.வி.டி.ஏ. என்ற திரைபடிப்பான் இலவசமாகவே கிடைக்கிறது. அதனோடு வரும் ஈஸ்பீக் என்னும் குரல் தமிழையும் படிக்கும். அதில் ஒரு விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவலாம். நாம் புத்தகத்தைப் புரட்டுவது போல. தலைப்பு தலைப்பு என்று அறிவிக்கப்பட்டிருந்தால் மட்டுமே அந்தத் தாவல் நடக்கும். இல்லையேல் இதழின் பட்டியலில் ஏழாவதாக உள்ள கட்டுரையை அடைய, முன்னுள்ள அனைத்தையும் கேட்டுத் தீர்க்க வேண்டும்.

பக்கத்தின் மொழி எது என்று அறிவிக்கும் வழியும் உண்டு. தமிழுக்கு உலகத் தரத்தில் டி, ஏ என்னும் இரண்டெழுத்துக் குறி வழங்கப்பட்டிருக்கிறது. அதைப் பக்கத்தின் தலையில் ஒருமுறை எழுதினால் போதும். திரைபடிப்பான் தமிழ்க் குரலுக்கு மாறிக்கொள்ளும். பல தமிழ்த் தளங்கள் ஆங்கில வார்ப்புருவை அப்படியே எடுத்துக்கொண்டு, தம் பக்கம் ஆங்கிலம் என்று உலகுக்கு அறிவித்துக்கொண்டிருக்கின்றன. மேடையில் தமிழின் தொன்மையை முழங்குகிறவர்களின் தளங்களும் இதற்கு விலக்கல்ல. படமாக ஏற்றப்பட்ட கவிதையோ, விளக்கக் குறிப்பு இல்லாவிட்டால், ‘படம்’ என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடுகிறது.

இது கருணை சார்ந்த கோரிக்கை அன்று. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. அரசுத் தளங்களுக்கான மைய அரசின் வழிகாட்டு நெறிகள் 2009 முதல் இருக்கின்றன. அவற்றின் மூன்றாம் பதிப்பு 2023இல் வந்தது. அணுகல்தன்மை விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருக்கலாகாது, கட்டாயமாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் தீர்ப்பளித்தது. 2025 ஏப்ரல் 30 அன்று அளித்த மற்றொரு தீர்ப்பில், இணையவழி அணுகலை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதியாகவே கண்டது. சட்டம் இவ்வளவு தூரம் வந்த பிறகும் இலக்கிய இதழ்கள் அரசு அலுவலகங்களை விடப் பின்தங்கி நிற்பது நமக்குப் பெருமை அன்று.

*

மறுப்புரைகளை நான் கேட்டிருக்கிறேன். ‘இப்போது பொறியே படத்தைப் பார்த்து எழுத்தை உணர்ந்துகொள்கிறதே’ என்பது புதிய மறுப்பு. உண்மை, தமிழ் எழுத்துணரிகள் பெரிதும் முன்னேறியிருக்கின்றன. பழைய அச்சு நூல்களை மீட்க அவை இன்றியமையாதவை. ஆனால் அவை தருவது ஊகம். 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய னா, றா, ணை, லை வடிவங்களிலும், மங்கிய அச்சிலும் அந்த ஊகம் இன்றும் சறுக்குகிறது. கடந்தகாலத்து நூலுக்கு ஊகம் தவிர வேறு வழியில்லை. நேற்றுத் தட்டச்சிட்ட கவிதையைப் படமாக்கி ஏற்றிவிட்டு, பொறி அதை ஊகித்துக்கொள்ளட்டும் என்பது என்ன நியாயம்? எழுதியவர் உயிரோடிருக்கும்போதே பாடவேறுபாட்டுக்கு வித்திடுகிறோம்.

‘வடிவச் சுதந்திரம் போய்விடும்’ என்பது இரண்டாவது. நேர்மாறானது உண்மை. பொருளைத் தனியே குறித்துவைத்தால் தோற்றத்தை ஆயிரம் முறை மாற்றலாம். ஒரே கோப்பை மாற்றினால் இருபது ஆண்டு இதழ்களும் புதுக்கோலம் பூணும். தோற்றத்தையும் பொருளையும் பிசைந்து வைத்தவர்தான் பழைய பக்கங்களைத் தொட அஞ்சுகிறார்.

‘சொந்தப் பணத்தில் இரவு விழித்து நடத்துகிறோம், நேரமில்லை’ என்பது மூன்றாவது. இதற்கு மட்டும் நான் செவிசாய்க்கிறேன். ஆனால் எழுத்தைத் தேர்ந்து பெரிதாக்கி, தடிமனாக்கி, நிறமூட்டும் மூன்று வேலைகளுக்குப் பதிலாக, எழுதுகருவியின் பட்டியலில் ‘தலைப்பு’ என்பதைத் தேர்வது ஒரே வேலை. நேரம் மிச்சமாகிறது.

எதிர்ப்பக்கத்து மிகையையும் சொல்லிவிட வேண்டும். டிம் பெர்னர்ஸ்-லீ 2001இல் எல்லாத் தரவும் பொறிகளுக்குப் புரியும்படி இணைந்திருக்கும் ஓர் இணையத்தைப் பற்றி எழுதினார். அந்தப் பெருங்கனவு அவர் விவரித்த வகையில் நனவாகவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் குறியிடச் சொல்கிறவர்களிடம் எனக்கு உடன்பாடில்லை. அப்படி ஒரு சிற்றிதழும் நடவாது. நான் கேட்பது ஓர் ஒழுங்கான அச்சுக்கோப்பவர் கேட்காமலே செய்த அளவு: தலைப்பு, ஆசிரியர், நாள், பத்தி, அடி, மேற்கோள், மொழி. இவை ஏழும் சரியாக இருந்தால் போதும்.

இதழ் நடத்தும் நண்பர்கள் அடுத்த இதழை ஏற்றுமுன் ஒரு சோதனை செய்யட்டும். பக்கத்தின் ஒப்பனை முழுவதையும் நீக்கிவிட்டு வெறும் உலாவியில் அதைத் திறக்கட்டும். எது தலைப்பு, எது கவிதை, எது குறிப்பு, யார் எழுதியது, எப்போது எழுதியது என்பவை அப்போதும் தெளிவாக இருந்தால் அந்த இதழ் இன்னொரு குறியேற்றம் வந்தாலும், இன்னொரு தளம் மூடப்பட்டாலும் பிழைத்துக்கொள்ளும். தெளிவாக இல்லாவிட்டால், வெளியீட்டை ஒரு வாரம் தள்ளிவையுங்கள். வாசகர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.